பிடித்த எழுத்தாளர் கப்பல் ஏறினால்: புதிய கடல் ஃபேன்டஸி தொடரைத் தொடங்கும் முறை

பிடித்த எழுத்தாளர் புதுத் தொடர் தொடங்குகிறார், அதுவும் கப்பல், கடல், மந்திரம் என்று கேள்விப்பட்டால் முதல் பக்கத்தைத் திறப்பதற்கு முன்பே பாதி நாவலை மனதுக்குள் எழுதி முடித்துவிடுவோம். பழைய தொடரின் நாயகன் மாதிரியே ஒருத்தன் இருப்பான், அதே கிண்டல் இருக்கும், அதே வேகம் இருக்கும், கூடுதலாகக் கொஞ்சம் அலை அடிக்கும், அவ்வளவுதான் என்று. அப்படி இருக்காது. எழுதுகிற ஆள் ஒருவரே ஆனாலும் தரைக்கதை ஓடுகிற விதம் வேறு, கப்பல் கதை ஓடுகிற விதம் வேறு. தரையில் சண்டை வந்தால் குதிரையைத் தட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். கப்பலில் அதே ஆளோடு அதே தளத்தில் அடுத்த கரை வரும்வரை முகம் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும்.

அதனால் இந்த வகைத் தொடரை எடுக்கும்போது நான் முதலில் கேட்கிற கேள்வி நாயகன் யார் என்பதல்ல. காற்று யார் கையில் இருக்கிறது என்பதுதான். இந்த ஒரு கேள்வி கையில் இருந்தால் அறுநூறு பக்கத்துப் புத்தகமும் வழிவிடும். அதற்கு முன் சில்லறை வேலைகள் கொஞ்சம் இருக்கின்றன.

வாங்குவதற்கு முன்னால்

புதுத் தொடர் புது உலகமா, பழைய உலகத்தின் இன்னொரு கரையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ராபின் ஹாப் இதற்கு நல்ல உதாரணம். அவருடைய ஃபார்சீயர் முத்தொகுதி 1995 முதல் 1997 வரை வந்தது. முழுக்க ஒரே ஆள் தன் வாயால் சொல்கிற கதை. அது முடிந்த கையோடு 1998-ல் ஒரு கப்பல் முத்தொகுதியின் முதல் புத்தகமாக 'ஷிப் ஆஃப் மேஜிக்' வந்தது. உலகம் அதேதான், ஆனால் வெகு தெற்கே, வணிகக் குடும்பங்கள் வாழும் துறைமுக ஊர். சொல்கிறவர் ஒருவர் இல்லை. பல பேருடைய கண்கள் வழியாகக் கதை நகர்கிறது. முதல் தொடரின் நாயகனைத் தேடிக்கொண்டு உள்ளே போனவர்கள் பலர் ஐம்பது பக்கத்தில் புத்தகத்தை மூடியிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்து இரண்டு பேர் இன்னமும் திறக்கவில்லை, அவர்களுக்காக நான் வருத்தப்படுகிறேன்.

அந்தக் கப்பல் முத்தொகுதியைத் தனியாகவே படிக்கலாம், எதுவும் குறையாது. ஆனால் அதைத் தாண்டிக் குதித்துவிட்டு, 2001-ல் தொடங்கிய அடுத்த தொடருக்குப் போகாதீர்கள். கப்பல் கதையில் மெல்ல மெல்ல அவிழ்கிற பெரிய ரகசியங்களை அங்கே போகிற போக்கில் சொல்லிவிடுவார்கள். கதைக்குள் சம்பவங்கள் நடக்கும் கால வரிசை, வாசகர்கள் போட்ட வரிசை என்று என்னென்னவோ பட்டியல்கள் கிடைக்கும். வெளியான வரிசையை நம்புங்கள். எழுத்தாளர் எதை எப்போது மறைத்தார் என்பது அந்த வரிசையில்தான் இருக்கிறது.

எல்லாப் பாகமும் வந்த பிறகு தொடங்கலாமா, இப்போதே தொடங்கலாமா என்பது அவரவர் பொறுமை. ஜோ அபர்க்ரோம்பியின் உடைந்த கடல் முத்தொகுதி 2014, 2015 இரண்டே ஆண்டுகளில் முழுதாக வந்துவிட்டது. உர்சுலா லெ குவினின் எர்த்சீ 1968-ல் தொடங்கி, மூன்றாம் புத்தகம் 1972-ல் வந்து, நான்காவது 1990-ல்தான் வந்தது. பிடித்த எழுத்தாளர் என்றால் அவர் பழைய தொடரை எப்படி முடித்தார் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். சொன்ன நேரத்துக்கு முடித்தவர் என்றால் இப்போதே ஏறிக்கொள்ளுங்கள்.

முதல் நூறு பக்கம்

இங்கேதான் பெரும்பாலானோர் கழன்றுகொள்கிறார்கள். கப்பல் கதைகளின் தொடக்கம் பொதுவாகவே மெதுவாக இருக்கும். எழுத்தாளர் இரண்டு உலகங்களைக் கட்ட வேண்டியிருக்கிறது: வெளியே தீவுகளும் துறைமுகங்களும், உள்ளே கப்பல். கப்பல் என்பது தனி நாடு. யார் எங்கே தூங்குவது, யார் யாரை நிமிர்ந்து பார்க்கலாம், தண்ணீர்ப் பீப்பாய்க்குச் சாவி யாரிடம், எல்லாவற்றுக்கும் சட்டம் உண்டு. அந்தச் சட்டம் நமக்குப் படிந்த பிறகுதான் ஒருவன் அதை மீறும்போது நமக்கு வயிற்றைக் கலக்கும்.

முன்னுரை அத்தியாயம் புரியவில்லை என்றால் கவலைப்படாமல் கடந்து போங்கள். 'ஷிப் ஆஃப் மேஜிக்' மனிதர்களோடு தொடங்குவதில்லை, கடற்பாம்புகளோடு தொடங்குகிறது. அவை எதையோ தேடுகின்றன, எதையோ மறந்துவிட்டன, அவ்வளவுதான் நமக்குத் தெரிகிறது. அதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று உட்கார்ந்தால் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். 'பாம்புகள் எதையோ மறந்திருக்கின்றன' என்று ஓரத்தில் ஒரு வரி எழுதிவிட்டு நகருங்கள். பல நூறு பக்கம் தள்ளி அந்த வரி வேலை செய்யும்.

பெயர்களுக்கு நான் பழைய டைரியின் கடைசிப் பக்கத்தை வைத்துக்கொள்கிறேன். மூன்று கட்டம் போடுவேன்: பெயர், எந்தக் கப்பல், யாருக்குக் கடன்பட்டவர். மூன்றாவது கட்டம்தான் முக்கியம். கடல் கதைகளில் ஆட்களைச் செலுத்துவது பெரும்பாலும் கடன்தான்: பணக் கடன், உயிர்க்கடன், கொடுத்த வாக்கு. கப்பல் வாங்குவதற்காகப் பட்ட கடனை மூன்று தலைமுறையாகக் கட்டும் குடும்பம், தன்னைக் கரையில் விட்டுவிட்டுப் போனவனைத் தேடும் மாலுமி. கடன் யாருக்கு என்று தெரிந்தால் அந்த ஆள் அடுத்து என்ன செய்வான் என்பது ஓரளவு தெரிந்துவிடும். கண் நிறம், முடி நிறம் எல்லாம் எழுத வேண்டாம். எந்த எழுத்தாளரும் அதை நமக்கு ஞாபகப்படுத்தாமல் விடமாட்டார்.

வரைபடத்தை மட்டும் ஒதுக்காதீர்கள். லெ குவின் எர்த்சீயின் வரைபடத்தை வரைந்த பிறகுதான் கதையையே எழுதத் தொடங்கினார். மின்னூலில் வரைபடம் தபால்தலை அளவுக்குச் சுருங்கிவிடும். அதைத் தனியாகப் பெரிதாக்கி ஒரு படம் எடுத்து போனில் வைத்துக்கொள்வது நல்லது. ஒலிப்புத்தகம் கேட்பவர்களுக்கு இன்னும் அவசியம், காதில் விழும் தீவுப் பெயர்கள் எல்லாம் இரண்டு நாளில் ஒன்றாகக் குழம்பிவிடும்.

பின்னால் இருக்கும் சொல்லடைவை மட்டும் முதலில் புரட்ட வேண்டாம். 'இன்னார்: முன்னாள் தலைவர்' என்று அங்கே ஒரு வரி இருக்கும். முன்னாள் ஆனது எப்படி என்று சொல்லத்தான் பிடித்த எழுத்தாளர் அறுநூறு பக்கம் எழுதியிருப்பார்.

கப்பல் எவ்வளவு தெரிந்தால் போதும்

ரொம்பக் கொஞ்சம். பாய்மரங்களின் பெயரையெல்லாம் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. பல எழுத்தாளர்கள் நமக்காகவே ஒன்றும் தெரியாத ஆள் ஒருத்தனைக் கப்பலில் ஏற்றிவிடுவார்கள். ஸ்காட் லிஞ்சின் தொடரில் வரும் திருடர்கள் 2007-ல் வந்த இரண்டாம் புத்தகத்தில்தான் கடலுக்குப் போகிறார்கள், அதுவும் பாதிப் புத்தகம் போன பிறகு. கயிறு எது, பாய் எது என்று தெரியாத அவர்களை வறுத்தெடுக்க ஒரு கிழட்டு மாலுமி வருகிறார். அவர்களோடு சேர்ந்து நாமும் திட்டு வாங்கிக்கொண்டே படித்துவிடுகிறோம்.

ஆனால் சில கணக்குகள் தெரிந்தால் கதையின் பதற்றம் இரட்டிப்பாகும். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல். பாய்மரக் கப்பல் 5 நாட் வேகத்தில் இராப்பகலாக ஓடினால் ஒரு நாளைக்கு 120 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 222 கிலோமீட்டர். வரைபடத்தில் இரண்டு துறைமுகங்களுக்கு நடுவே விரல் வைத்துப் பார்த்தால் பயணம் எத்தனை நாள் என்று நீங்களே சொல்லிவிடலாம். அந்த நாள் கணக்குக்குள்தான் கலகம், காய்ச்சல், காதல் எல்லாம் நடந்தாக வேண்டும்.

தளத்தில் நிற்பவனுக்கு, கண் கடல்மட்டத்திலிருந்து 2 மீட்டர் உயரத்தில் இருந்தால், தொடுவானம் சுமார் 5 கிலோமீட்டர் தூரம். 30 மீட்டர் பாய்மரத்தின் உச்சியில் இருப்பவனுக்கு அது சுமார் 20 கிலோமீட்டர். மேலே இருப்பவன் 'கப்பல்!' என்று கத்தும்போது கீழே கேப்டனுக்கு ஒன்றுமே தெரியாமல் இருப்பது இதனால்தான். துரத்துகிற கப்பல் 10 கடல் மைல் பின்னால் இருக்கிறது, வேகம் ஒரு நாட்தான் அதிகம் என்றால், நெருங்கப் பத்து மணி நேரம் ஆகும். ஒரு முழு அத்தியாயம் வெறும் துரத்தலிலேயே போகிறதே என்று எரிச்சல்பட வேண்டாம். அந்தப் பத்து மணி நேரத்தில் சாப்பிட உட்காரலாமா, தூங்கலாமா, எந்தச் சரக்கைக் கடலில் தள்ளுவது என்று ஓடிக்கொண்டிருப்பவர்கள் யோசிப்பதுதான் அங்கே கதை.

நேரத்தை மணி அடித்துச் சொல்வார்கள். அரை மணிக்கு ஒரு அடி கூடும், எட்டு அடி ஆனால் நான்கு மணி நேர வாட்ச், அதாவது ஒரு குழுவின் வேலை நேரம், முடிந்தது, ஆள் மாற வேண்டும். இது போதும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான பாடத்தை எனக்குச் சொன்னது புத்தகமல்ல, என் மாமா. சரக்குக் கப்பல்களில் செராங்காக, அதாவது தளத்து மாலுமிகளின் தலைவராக, இருந்தவர். கதைப் புத்தகம் படிக்கிற வழக்கமே கிடையாது. நான் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து 'என்னம்மா ஆச்சு உன் கப்பல்?' என்று கேட்பதோடு சரி. ஒருநாள், புயல் வருகிற நேரத்தில் கண்ணெதிரே கரை இருக்க, கேப்டன் கப்பலைத் திருப்பி நடுக்கடலுக்குக் கொண்டுபோகிற இடம்.

"மாமா, இந்த ஆளுக்கு என்ன பைத்தியமா? கரைக்குப் போகாம உள்ள போறான்!"

"காத்து எந்தப் பக்கம்?"

பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். "கரையைப் பார்த்து அடிக்குது."

"அப்ப சரியாத்தான் செய்றான். புயல்ல கப்பலை உடைக்கிறது தண்ணி இல்லம்மா, தரை. இடம் இருந்தா கப்பல் எப்படியும் தாங்கும். கரைப் பக்கம் தள்ளிட்டுப் போனா முடிஞ்சது."

இரண்டு வார்த்தையில் அந்த அத்தியாயம் தலைகீழாகிவிட்டது. கேப்டன் கோழை என்று நினைத்துக்கொண்டிருந்த துணைக் கேப்டனின் கண் வழியாகத்தான் அந்தக் காட்சி எழுதப்பட்டிருந்தது. துணைக் கேப்டனுக்குத் தெரியாததை வாசகர் கண்டுபிடிக்கட்டும் என்று எழுத்தாளர் விட்டிருந்தார். அன்றிலிருந்து கடல் காட்சி எது வந்தாலும் முதலில் காற்று எந்தப் பக்கம் என்று தேடிவிட்டுத்தான் மேலே படிக்கிறேன். சதுரப் பாய் கட்டிய கப்பலால் காற்றுக்கு நேர் எதிரே போகவே முடியாது. காற்று வரும் திசையிலிருந்து அறுபது, அறுபத்தைந்து பாகையாவது விலகி, வளைந்து வளைந்துதான் முன்னேற வேண்டும். எதிரி காற்று வரும் பக்கம் நிற்கிறான் என்று ஒரு வரி வந்தால், எப்போது சண்டை தொடங்குவது என்பது அவன் கையில் இருக்கிறது என்று பொருள்.

காற்று யார் கையில்

இப்போது மந்திரத்துக்கு வரலாம். வெறும் கடல் நாவலில் காற்று யாருக்கும் சொந்தமில்லை. மாயக்கதையில் அதற்கு உரிமையாளர் வந்துவிடுகிறார். நல்ல எழுத்தாளர் அந்த உரிமைக்கு ஒரு விலையும் வைப்பார். அந்த விலையைக் கண்டுபிடிப்பதுதான் வாசகரின் முதல் வேலை.

எர்த்சீயில் மந்திரவாதியால் பாய்க்குள் காற்றை வரவழைக்க முடியும். மந்திரப் பள்ளியில் அதற்கென்றே ஒரு ஆசான் இருக்கிறார். ஆனால் ஒரு தீவில் வரவழைத்த மழை இன்னொரு தீவின் வறட்சியாகலாம் என்பதையும் அங்கேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். அதனால் தெரிந்தவன் கைகட்டி நிற்கிறான், அரைகுறையாகத் தெரிந்தவன் விசிறுகிறான். கதையின் அறமே இந்த ஒரு விதிக்குள் அடங்கியிருக்கிறது.

ஆர். ஜே. பார்க்கர் 2019-ல் வெளியிட்ட 'தி போன் ஷிப்ஸ்' வேறு வழியில் போகிறது. முன்பு அரண்மனைக் கொலையாளிகளைப் பற்றி முத்தொகுதி எழுதியவர், அடுத்ததாகக் கடலுக்கு வந்தார். இங்கே கப்பல்கள் மரத்தால் ஆனவை அல்ல, கடல் டிராகன்களின் எலும்பால் கட்டியவை. டிராகன்கள் அற்றுப்போய்த் தலைமுறைகள் ஆகிவிட்டன, புது எலும்பு கிடையாது, இருக்கிற கப்பல்களுக்காகப் போர். காற்றை அழைக்கப் பறவை போன்ற ஓர் உயிரைக் கப்பலில் வைத்திருக்கிறார்கள். அதன் சக்தி தீர்ந்தால் தரையில் உள்ள குறிப்பிட்ட இடத்துக்குப் போய்த்தான் மீள முடியும். அந்த உயிரை எல்லோரும் கருவி மாதிரி நடத்துகிறார்கள். இந்த இரண்டு விதிகளும் தெரிந்துவிட்டால் போர்க் காட்சிகளில் எப்போது மூச்சைப் பிடிக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்: அந்த உயிர் களைக்கும்போது. அந்த உலகத்தில் கப்பலை 'அவன்' என்கிறார்கள், கேப்டன் பதவிக்கே தனிப்பெயர். முதலில் நாக்கில் ஒட்டாது. மூன்றாவது அத்தியாயத்துக்குள் பழகிவிடும், அகராதி தேடி ஓட வேண்டாம்.

ஹாப் காற்றைத் தொடுவதேயில்லை. அவர் கப்பலுக்கே உயிர் கொடுக்கிறார். ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறையினர் அந்தத் தளத்தில் இறந்த பிறகு முகப்புச் சிற்பம் கண் திறக்கிறது, பேசுகிறது. குடும்பம் கப்பலை விற்க முடியாது, கப்பலும் குடும்பத்தை விட்டுப் போக முடியாது. இங்கே கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டும்: இந்தக் கப்பல் யாருடையது? பத்திரத்தில் பெயர் உள்ளவருடையதா, அதன்மேல் வளர்ந்தவருடையதா, அல்லது அது தனக்கே சொந்தமா? மூன்று புத்தகமும் இந்தத் தகராறுதான் என்று சொன்னால் கதையைக் கெடுத்ததாக ஆகாது, பின்னட்டையிலேயே பாதி இருக்கிறது.

உங்கள் கையில் உள்ள புதுத் தொடரிலும் இதைத் தேடுங்கள். இருநூறாவது பக்கத்துக்குள் 'இந்த மந்திரத்துக்கு விலை என்ன?' என்பதற்கு அரைகுறையாகவேனும் பதில் கிடைக்க வேண்டும். கிடைக்கவில்லை, மந்திரவாதி வேண்டும்போதெல்லாம் காற்று வருகிறது, தாகம் இல்லை, நோய் இல்லை, கயிறு அறுவதில்லை என்றால் அது கடல் கதையல்ல. நீல நிறம் பூசிய தரைக் கதை. பிடித்த எழுத்தாளர் என்பதற்காக அதையும் படிக்கலாம், நானும் படித்திருக்கிறேன். ஆனால் அவசரமாக அடுத்த பாகத்துக்குக் காசு கட்ட வேண்டாம்.

நோய் என்றதும் ஒன்று. 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் ஸ்கர்வி வந்த 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு மருந்து கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர் சீக்கிரம் தேறினார்கள். பிரிட்டிஷ் கடற்படை கப்பல்களுக்கு எலுமிச்சைச் சாறு கொடுக்க உத்தரவிட 1795 ஆயிற்று. ஈறு வீங்கி, பழைய காயம் மறுபடி திறந்துகொள்ளும் அந்த நோயை மாயக்கதை எழுத்தாளர்கள் பாதிப்பேர் மறந்துவிடுகிறார்கள். மறக்காதவர் யார் என்று பாருங்கள். அவரை நம்பி நீண்ட பயணம் போகலாம்.

படிக்கும் நாட்களில்

பாத்திரத்தின் பெயரைத் தேடுபொறியில் தட்டாதீர்கள். மூன்று எழுத்து அடிப்பதற்குள் 'மரணம்' என்று அதுவே முடித்துக்கொடுக்கும். எழுத்துக்கூட்டு பார்க்க வேண்டுமானால் புத்தகத்துக்குள்ளேயே தேடுங்கள்.

பல கண்கள் வழியாகப் போகும் கதையில் ஒருவரைப் பிடிக்காமல் போகும். அந்த அத்தியாயங்களைத் தாவிப் படிக்கும் ஆட்களை எனக்குத் தெரியும். கடல் தொடரில் அது ஆகாது. கரையில் கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் சலிப்பான பாத்திரம்தான் பெரும்பாலும் கப்பலின் கடனைக் கையில் வைத்திருப்பவர். அவர் கையெழுத்துப் போடுகிற நாளில் நடுக்கடலில் இருப்பவர்களின் விதி மாறிவிடும், அவர்களுக்குச் செய்தி போய்ச்சேர மாதங்கள் ஆகும். அந்தத் தாமதத்தை வைத்து எழுத்தாளர்கள் ஆடுகிற ஆட்டம் தரைக் கதைகளில் கிடைக்கவே கிடைக்காது.

முதல் பாகம் முடிந்த கையோடு டைரிக் கட்டத்துக்குக் கீழே சில வரிகள் எழுதி வையுங்கள்: எந்தக் கப்பல் யார் கையில் இருக்கிறது, யார் எந்தக் கரையில் விடப்பட்டார், யாருக்கு எது இன்னும் தெரியாது. கடைசியில் சொன்னதுதான் ஓர் ஆண்டு இடைவெளியில் முதலில் மறந்துபோவது. இரண்டாம் பாகம் வந்ததும் முதல் பாகத்தின் முன்னுரையையும் கடைசி இரண்டு அத்தியாயங்களையும் மட்டும் மறுபடி படித்தால் போதும். முன்கதைச் சுருக்கம் இருந்தால் அதையும் படியுங்கள். பின்னட்டையை மட்டும் கையால் மூடிக்கொள்ளுங்கள், நூறு பக்கம் தள்ளி நடக்கப்போவதை அது முதல் வரியிலேயே போட்டு உடைத்துவிடும்.